பாத்திரத்தில் ஏறிப்போன எண்ணெய்ப் பிசுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாணலி, வடைச்சட்டி, இருப்புச்சட்டி என்று ஊருக்கு ஒரு பெயர் சொன்னாலும் அதன் வெளிப்பக்கம் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. பழுப்பேறி, தொட்டால் பிசுபிசுத்து, கைப்பிடி ஆணியைச் சுற்றிக் கன்னங்கரேலென்று. உறவிலும் அக்கம்பக்கத்திலும் இதைப் பற்றிப் பல வருடமாக என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளையும், செய்து பார்த்து எனக்குக் கிடைத்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தினமும் சோப்புப் போட்டுத்தானே தேய்க்கிறோம், அப்புறம் எப்படி இந்தப் பழுப்பு ஏறுகிறது?

பாத்திரத்தில் இப்போது ஒட்டியிருப்பது எண்ணெயே இல்லை. எண்ணெயாக இருந்து வேறொன்றாக மாறிவிட்ட பொருள் அது.

தாளிக்கும்போது ஒரு சொட்டு வெளியே வழிகிறது. ராத்திரி அவசரத்தில் கழுவும்போது உள்பக்கம் சுத்தமாகிவிடும், வெளியே மெல்லிய படலம் மிச்சமிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் அதே பாத்திரம் அடுப்பில் ஏறுகிறது. அந்தச் சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகள் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வலை மாதிரி பின்னிக்கொள்கின்றன. இதற்குப் பாலிமர் ஆவது என்று பெயர். ஆளிவிதை எண்ணெயை மரச்சாமான்களில் பூசினால் சில நாளில் காய்ந்து கெட்டியான பூச்சாகிவிடும் அல்லவா? ஓவியர்களின் எண்ணெய் வண்ணம் காய்வதும் அப்படித்தான். உங்கள் வாணலியின் வெளிப்பக்கத்தில் நடப்பதும் அதே வேலை, அடுப்புச் சூட்டில் இன்னும் வேகமாக. ஆக, நாம் மூச்சு வாங்கத் தேய்த்துக்கொண்டிருப்பது கிட்டத்தட்ட பெயின்டை.

சோப்புக்கு ஒரு வேலைதான் தெரியும். தனித்தனியாக இருக்கும் எண்ணெய்த் துளிகளைப் பிடித்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும். பின்னிக்கொண்ட வலையைப் பிரிக்க அதனால் ஆகாது. அதனால்தான் எவ்வளவு சோப்பு போட்டாலும் பழுப்பு அப்படியே நிற்கிறது. வலையை அறுப்பதற்குக் காரமும் (மிளகாய்க் காரம் இல்லை, சோடா மாதிரி அமிலத்துக்கு எதிரான பொருள்) சூடும் நேரமும் வேண்டும். தேய்ப்பது கடைசி வேலை, அதுவும் சின்ன வேலை.

ஒரு சோதனை சொல்கிறேன். பழுப்பின் மேல் விரல் நகத்தை வைத்து அழுத்துங்கள். நகம் பதிந்து, எடுக்கும்போது ஒட்டினால் படலம் இன்னும் இளசு. வெந்நீரும் சோப்பும் ஒரு ராத்திரி ஊறலும் போதும். நகம் வழுக்கிக்கொண்டு ‘டக்’கென்று சத்தம் வந்தால் முற்றிவிட்டது. கீழே சொல்லியிருக்கும் கொதிக்கவைக்கும் முறைக்குப் போய்விடுங்கள்.

எங்கள் அம்மா வீட்டில் இவ்வளவு பிசுக்கு ஏறியதில்லையே. எண்ணெய் மாறியதால் இருக்குமா?

எண்ணெய்க்குப் பங்கு இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அது எளிதில் பின்னிக்கொள்ளாது. சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலிக் அமிலம், அது சட்டென்று பின்னிக்கொள்ளும் வகை. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் இரண்டுக்கும் நடுவில். சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறிய பிறகு வடைச்சட்டி சீக்கிரம் பழுப்பேறுவதாக உங்களுக்குத் தோன்றினால் அது பிரமை இல்லை. அதற்காக எண்ணெயை மாற்றச் சொல்லமாட்டேன். சட்டிக்காக யாரும் சமைப்பதில்லையே.

எவர்சில்வர் வாணலி முழுக்கக் கறுத்துவிட்டது. முதலிலிருந்து எப்படிச் சுத்தம் செய்வது?

எவர்சில்வரைக் காப்பாற்றுவது எளிது, ஏனென்றால் காரம் அதை ஒன்றும் செய்யாது. (அலுமினியம் வேறு கதை, கீழே தனியாகச் சொல்கிறேன். உங்களுடையது எது என்று நிச்சயமாகத் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள்.)

வாணலியே முழுகும் அளவுக்குப் பெரிய எவர்சில்வர் அண்டாவோ குண்டானோ எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியக் குண்டான் கூடாது. வாணலி முழுகத் தண்ணீர் ஊற்றி, ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடா போடுங்கள். அது மளிகைக் கடையிலும் துணி வெளுக்கும் சாமான் விற்கும் கடையிலும் கிடைக்கும். சோடாவைத் தண்ணீர் ஆறியிருக்கும்போதே போட்டுக் கரைத்துவிட வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் பொங்கி மேலே தெறிக்கும். கைப்பிடி பிளாஸ்டிக்காகவோ மரமாகவோ இருந்தால் திருகைக் கழற்றி எடுத்துவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, மிதமான தீயில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கட்டும்.

முதல் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பிறகு தண்ணீர் வெளிறிய மஞ்சளாகி, அப்படியே பால் விடாத டீ நிறத்துக்கு வந்துவிடும். கைப்பிடி ஆணிகள் பக்கம் படலத்தின் ஓரம் முதலில் சுருண்டு எழும்பும். மரக்கரண்டியின் நுனியால் அந்த ஓரத்தை லேசாகத் தள்ளினால் ஆறின பால்மேல் ஆடை ஒதுங்குகிற மாதிரி ஒரு துண்டு வழுக்கிக்கொண்டு வரும், அடியில் வெள்ளை வெளேரென்று எஃகு தெரியும். முதல்முறை இதைப் பார்த்தபோது, அதே இடத்தை எத்தனை வருடம் கம்பி நாரால் தேய்த்துத் தோள் வலித்துக் கிடந்தோம் என்று என் அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

அடுப்பை அணைத்து, அப்படியே ஆறவிடுங்கள். ஆறும் நேரமும் வேலை நேரம்தான். ராத்திரி முழுக்க விட்டால் இன்னும் நல்லது. காலையில் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு எடுத்து, சாதாரண ஸ்க்ரப்பரால் தேய்த்து, நிறையத் தண்ணீரில் அலசுங்கள். ரொம்பப் பழைய சட்டியானால் ஒரே தடவையில் முழுக்க வராது. புதுத் தண்ணீர், புதுச் சோடா போட்டு இன்னொரு தடவை. டீ நிறத்துக்கு வந்துவிட்ட தண்ணீரில் சோடாவின் சக்தி குறைந்திருக்கும், அதையே மறுபடி கொதிக்க வைப்பது வீண்.

வாணலி முழுகும் அளவுக்குப் பாத்திரம் இல்லையா? சலவைச் சோடாவைக் கொஞ்சம் வெந்நீரில் குழைத்து, பழந்துணியை அதில் நனைத்து, வெளிப்பக்கம் முழுக்க ஒட்டி, மேலே பிளாஸ்டிக் பையால் சுற்றி ஒரு ராத்திரி வையுங்கள். கொதிக்க வைக்கும் அளவுக்கு வேகம் இருக்காது, ஆனால் பலன் உண்டு.

சலவைச் சோடாவுக்குப் பதில் வீட்டில் இருக்கும் ஆப்பசோடா போதாதா?

இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி, ஆனால் பலம் வேறு. ஆப்பசோடா என்பது சோடியம் பைகார்பனேட். அதன் கரைசலின் பிஹெச் அளவு சுமார் 8.3. சலவைச் சோடா சோடியம் கார்பனேட், அதன் கரைசல் 11 பக்கம். பிஹெச் அளவில் ஒரு எண் ஏறினால் காரம் பத்து மடங்கு ஏறியதாகக் கணக்கு. அப்படியானால் இந்த இரண்டுக்கும் நடுவே சில நூறு மடங்கு வித்தியாசம்.

ஆப்பசோடாதான் கையில் இருக்கிறது என்றால் அதைத் தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதிக்க விடுங்கள். கொதிக்கக் கொதிக்க அது கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சலவைச் சோடாவாக மாறும். பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊறவைப்பதால் முற்றின பிசுக்குக்கு ஒன்றும் ஆகாது. இளம் பிசுக்குக்கு ஆப்பசோடாவைப் பசை மாதிரிக் குழைத்துத் தேய்க்கலாம். அப்போது அது பொடியாக நின்று மெல்லச் சுரண்டும், பாத்திரத்தில் கீறல் விழாது.

ஒரே ஓர் எச்சரிக்கை: சலவைச் சோடா சாப்பிடும் பொருள் இல்லை. இரண்டும் வெள்ளைப் பொடி. டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் எழுதி, சமையல் அலமாரியில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள்.

சோடாவும் வினிகரும் கலந்தால் நுரைத்துக்கொண்டு அழுக்கை எடுக்கிறதே, வீடியோவில் பார்த்தேன்.

நுரைப்பது நிஜம், அழுக்கை எடுப்பது நிஜமில்லை. சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று அணைத்துவிட்டு, உப்புத் தண்ணீரும் கரியமில வாயுவும்தான் மிஞ்சும். பிசுக்குக்குச் சோடா தனியாக, உப்புக்கறைக்கு வினிகர் தனியாக. ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் செய்யுங்கள், நடுவில் நன்றாக அலசிவிட்டு.

அலுமினியச் சட்டி, இண்டாலியம் வாணலி, குக்கர்: இதே முறைதானா?

இல்லை. தயவுசெய்து வேண்டாம். அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது, அதுதான் அதற்குக் கவசம். காரம் அந்தக் கவசத்தைக் கரைத்துவிட்டு உலோகத்தையே அரிக்க ஆரம்பிக்கும். பாட்டி கொடுத்த இண்டாலியம் சட்டி ஒன்றை, எவர்சில்வர் நன்றாக வந்த உற்சாகத்தில் நானும் சோடாத் தண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பொடிப் பொடியாகக் குமிழ் விட்டது. வெளியே எடுத்தபோது பிசுக்கு போயிருந்தது, கூடவே பளபளப்பும் போய், தடவினால் விரலில் சாம்பல் நிறம் ஒட்டியது. அந்தச் சட்டி இன்றும் என்னிடம் இருக்கிறது, அதில் சமைப்பதில்லை.

அலுமினியத்துக்கு வெந்நீர், பாத்திரம் கழுவும் திரவம், பொறுமை. கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, திரவத்தைத் தாராளமாக விட்டு, ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். காலையில் சீயக்காய்த் தூளைத் தேங்காய் நாரில் தொட்டுத் தேயுங்கள். மிச்சத்துக்குப் புளித் தண்ணீரோ எலுமிச்சைத் தோலோ போட்டு இருபது நிமிடம் கொதிக்க விடலாம். புளி பிசுக்கைக் கரைப்பதில்லை. ஆனால் அதற்கடியில் இருக்கும் கறுத்த ஆக்சைடை இளக்கிவிடுவதால் மேலே இருப்பதன் பிடி தளரும். இரண்டு மூன்று முறை செய்தால் நன்றாக வரும். புதிது மாதிரி ஆகிவிடும் என்று சொல்லமாட்டேன்.

கறுப்பு நிறத்தில் வரும் ஹார்ட் அனோடைஸ்டு பாத்திரமும் அலுமினியம்தான். அந்தக் கறுப்பே தடிமனாக்கப்பட்ட ஆக்சைடு. அதற்கும் சலவைச் சோடா ஆகாது.

இரும்புத் தோசைக்கல் ஓரத்தில் தார் மாதிரி எண்ணெய் ஏறியிருக்கிறது. எடுத்தால் கல் பழக்கம் போய்விடுமா?

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. எவர்சில்வரில் நாம் திட்டிக்கொண்டு எடுக்கிற அதே பொருள்தான் தோசைக்கல்லின் நடுவில் நமக்குச் சோறு போடுகிறது. கல்லைப் பழக்குவது என்றால் வேறு என்ன? எண்ணெயை மெல்லத் தடவி, சூட்டில் அதைப் பின்னவைத்து, இரும்பின் மேல் வழுவழுப்பான படலமாக்குவது. மெல்லியதாக, அடுக்கடுக்காக, ஒவ்வொன்றும் முழுக்க வெந்து ஏறினால் அது பழக்கம். தடிமனாக, அரைவேக்காட்டில் ஏறினால் பிசுக்கு. கல்லின் நடுவில் சூடு அதிகம், தோசைத் திருப்பியும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் அங்கே ஒழுங்காக இருக்கிறது. ஓரத்தில் சூடு குறைவு, எண்ணெய் தேங்குகிறது, தார் ஆகிறது.

அதனால் ஓரத்தைத் தைரியமாக எடுக்கலாம். கல்லை மிதமாகச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, தோசைத் திருப்பியின் நேரான முனையால் ஓரத்தைச் சுரண்டுங்கள். சூட்டில் இளகியிருப்பதால் சுருள் சுருளாக வரும். ஆறியபின் கல்லுப்பைப் போட்டுப் பழந்துணியால் தேய்த்தால் மிச்சமும் வந்துவிடும். நடுப்பக்கத்தைத் தொட வேண்டாம்.

கல் முழுக்கவே மேடு பள்ளமாகத் திட்டுத் திட்டாக உரிந்து, தோசையில் கறுப்புத் துகள் ஒட்டினால் மட்டும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டும். வார்ப்பிரும்பைச் சலவைச் சோடாத் தண்ணீரில் கொதிக்க வைக்கலாம், இரும்பைக் காரம் கெடுக்காது. எடுத்தவுடன் துடைத்து அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைத்துவிடுங்கள். பத்து நிமிடம் ஈரமாக விட்டாலே துரு எட்டிப்பார்க்கும். பிறகு நல்லெண்ணெயைத் தொட்டுத் தடவி, தடவியதையே மறுபடி துணியால் முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டு, லேசாகப் புகை வரும்வரை சூடாக்குங்கள். துடைத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கிறதே, அவ்வளவு எண்ணெய்தான் தேவை. நான்கைந்து முறை. முதல் நாள் தோசைக்குப் பாதியாக வெட்டிய வெங்காயத்தால் தேய்க்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள், எண்ணெயை மெல்லியதாகப் பரப்ப அதைவிட நல்ல கருவி கிடையாது.

காய்ந்த கல்லில் பச்சைத் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். வார்ப்பிரும்பு ‘சடக்’கென்று விரிசல் விட்டுவிடும், அதற்கு மருந்தில்லை.

பணியாரக்கல் குழிகளுக்குள் எப்படித் தேய்ப்பது?

தேய்க்க வேண்டாம். குழியில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டு, பணியாரம் குத்தும் மரக்குச்சியால் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒட்டியிருப்பது கழன்று வரும். பிறகு துடைத்து, காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.

நான்ஸ்டிக் தவாவில் பழுப்புப் படலம் வந்து தோசை ஒட்ட ஆரம்பித்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

பூச்சு உரியாமல் இருந்தால் முதலில் கொதிக்கவைத்துப் பாருங்கள். பூச்சு நல்லபடியாக இருந்தும், அதன் மேல் பின்னிக்கொண்ட எண்ணெய்ப் படலத்தால்தான் பல தவாக்களில் ஒட்டுகிறது. தண்ணீர் ஊற்றி, இரண்டு தேக்கரண்டி ஆப்பசோடா போட்டு, கால் மணி நேரம் சிறு தீயில் கொதிக்க விட்டு, மரக்கரண்டியால் தள்ளி, மெல்லிய ஸ்பாஞ்சால் துடையுங்கள். கம்பி நார், உப்பு, சாம்பல் எதுவும் கிட்டே வரக்கூடாது.

பூச்சு உரிந்து அடியில் அலுமினியம் தெரிந்தால் வேறு வாங்கிவிடுங்கள். இன்னொன்று, பிசுக்கை எரித்து எடுக்கலாம் என்று வெறும் தவாவை முழுத் தீயில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பூச்சு 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். அதிலிருந்து வரும் புகை வளர்ப்புப் பறவைகளைக் கொன்றுவிடும். கிளியோ லவ் பேர்ட்ஸோ வளர்ப்பவர்கள் இதை நிச்சயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாட்டிகள் வெறும் சாம்பலையும் சீயக்காயையும் வைத்தே பளபளவென்று வைத்திருந்தார்களே?

அவர்கள் செய்தது முழுக்கச் சரி, காரணத்தோடு சரி. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. சலவைச் சோடாவுக்கு நெருங்கிய உறவு அது. ஈரச் சாம்பலைப் பூசி வெயிலில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் தேய்த்தால், காரம் பிசுக்கை இளக்கும், சாம்பலின் துகள் மெல்லச் சுரண்டும், தேங்காய் நார் இழுத்துக்கொண்டு போகும். மூன்று வேலையும் ஒரே பிடியில்.

சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. நுரை வருவது அதனால்தான், சோப்பு செய்கிற வேலையைச் செய்யும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது தலையில் நடப்பதுதான் குத்துவிளக்கிலும் வடைச்சட்டியிலும் நடக்கிறது. தலைக்குத் தேய்க்கச் சலித்தபின் மிஞ்சும் திப்பியைப் பாத்திரத்துக்கென்று தனியாக எடுத்துவைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அது கொரகொரவென்று இருப்பதால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

வடித்த கஞ்சியையும் அரிசி கழுவின தண்ணீரையும் பாத்திரத்தில் ஊற்றி வைத்ததும் காரணமில்லாமல் இல்லை. மாவுச்சத்து எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பலகாரம் சுட்டு முடித்த சட்டியில் இரண்டு பிடி கடலை மாவைத் தூவி, ஈரம் படாமல் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் முழுக்க மாவில் ஏறி உருண்டையாக வந்துவிடும், பிறகு சோப்பு கொஞ்சம் போதும். ஆனால் இது அன்றன்றைய எண்ணெய்க்கு. முற்றிப்போன பழுப்புக்கு மாவு உதவாது.

விறகடுப்பில் ஏற்றும் பாத்திரத்துக்கு இன்னொரு நல்ல பழக்கம் உண்டு. ஏற்றும் முன்பே வெளிப்பக்கம் ஈரச் சாம்பலையோ மண்ணையோ குழைத்துப் பூசிவிடுவார்கள். கரி பாத்திரத்தில் பிடிக்காமல் பூச்சில் பிடிக்கும், கழுவும்போது பூச்சோடு கழன்றுவிடும்.

மீன்குழம்பு வைக்கும் மண்சட்டி எண்ணெய் குடித்துவிட்டது. சோப்புப் போடலாமா?

வேண்டாம். எண்ணெயைக் குடித்த மாதிரியே சோப்பையும் குடிக்கும், அடுத்த குழம்பில் கக்கும். வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, கடலை மாவோ சாம்பலோ தொட்டு நாரால் தேய்த்து, வெயிலில் கவிழ்த்துக் காயவையுங்கள். வாடை போகாவிட்டால் வடித்த கஞ்சியைச் சட்டியில் ஊற்றிக் கொதிக்கவிடலாம். மாக்கல்லில் செய்த கல்சட்டிக்கும் இதே மாதிரிதான். மண்சட்டி கொஞ்சம் எண்ணெய் குடிப்பது குறையே இல்லை. குழம்பு ருசியாக இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரம்?

வெளிப்பக்கம் சீயக்காய், பிறகு புளி. உள்பக்கம் மென்மையான துணியும் சோப்பும் மட்டும். நாம் ஈயம் என்று சொன்னாலும் நல்ல பூச்சு என்பது வெள்ளீயம். அது 232 டிகிரியில் உருகிவிடும், அதனால் பிசுக்கை எரித்து எடுக்கிறேன் என்று வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்தால் பூச்சு வழிந்துவிடும். சலவைச் சோடாவில் கொதிக்க வைப்பதும் வேண்டாம்.

குக்கர் மூடியில் கைப்பிடிக்கு அடியில் பிசுக்கு அப்பிக் கிடக்கிறது.

கைப்பிடித் திருகைக் கழற்றிப் பார்த்தால் அதிர்ந்துபோவீர்கள், பருப்பு நுரையும் எண்ணெயும் சேர்ந்து அங்கேதான் குடியிருக்கும். கழற்றி, வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள். கேஸ்கெட்டைத் தனியாக வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில். வெயிட் உட்காரும் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் வெளிச்சம் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடுத்த சமையலுக்கு முன் கட்டாயம் அடைப்பை எடுங்கள், இது அழகுக்காக இல்லை, பாதுகாப்புக்காக. சேஃப்டி வால்வைக் குத்தவோ குடையவோ வேண்டாம்.

எவர்சில்வரில் வானவில் மாதிரி நிறம், வெள்ளைத் திட்டு. இதுவும் பிசுக்கா?

இரண்டும் இல்லை. வானவில் நிறம் அதிகச் சூட்டில் எஃகின் மேல் தடித்துப்போன ஆக்சைடு. வெள்ளைத் திட்டு போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு. இவற்றுக்குச் சோடா பயன்படாது, எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்தாலே போய்விடும்.

காஸ்டிக் சோடா, பிளீச்சிங் பவுடர், பாத்ரூம் ஆசிட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

மூன்றும் சமையலறைக்கு வேண்டாம். காஸ்டிக் சோடா பிசுக்கை எடுத்துவிடும்தான், ஆனால் கண்ணில் ஒரு சொட்டு தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அலுமினியத்தில் பட்டால் ஹைட்ரஜன் வாயு வேறு கிளம்பும். பிளீச்சிங் எவர்சில்வரில் ஊசி குத்தின மாதிரிப் பொடிக் குழிகளை உண்டாக்கும். பிளீச்சிங்கோடு ஆசிட் கலந்தால் வருவது குளோரின் வாயு, மூடிய அறையில் உயிருக்கே உலை வைக்கும். இதில் விளையாட்டே கூடாது.

சுரண்டியாவது எடுத்துவிடலாமே, கம்பி நார் எதற்கு இருக்கிறது?

கம்பி நார் போடும் ஒவ்வொரு கீறலும் அடுத்த எண்ணெய் உட்காரும் பள்ளம். ஊறவைத்து இளகிய பிறகு, பாத்திரத்தின் இழையோடும் திசையிலேயே லேசாகப் போடலாம். வட்ட வட்டமாக வேண்டாம்.

பொரித்து மிஞ்சிய எண்ணெயை சிங்க்கில் ஊற்றி, பின்னாலேயே வெந்நீர் விட்டால் போய்விடுமா?

உங்கள் சிங்க்கை விட்டுப் போகும், குழாயில் ஆறி உறையும். 2017இல் லண்டன் வைட்சேப்பல் பகுதியில் சாக்கடைக்குள் சுமார் 250 மீட்டர் நீளம், 130 டன் எடையில் ஒரு கொழுப்புப் பாறையையே கண்டுபிடித்தார்கள். எண்ணெயும் ஈரத் துடைப்புத் தாள்களும் சேர்ந்து இறுகியது. நம் ஊர்ச் சாக்கடையில் இறங்கி அடைப்பெடுக்கிறவர் யார் என்பது நமக்குத் தெரியும், அதை நினைத்தாவது ஊற்றாமல் இருப்போம். எண்ணெய் ஆறியபின் பழைய பாட்டிலில் ஊற்றி மூடியோ, மரத்தூளிலோ பழைய பேப்பரிலோ உறிஞ்சவைத்தோ குப்பையில் சேருங்கள்.

எண்ணெய் கெட்டியாகி, நுரைத்து, கறுத்திருந்தால் சட்டியின் வெளிப்பக்கத்தில் நடப்பது எண்ணெய்க்குள்ளேயே நடக்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அதில் மறுபடி பொரிக்கக்கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை 1 முதல், பொரிக்கும் எண்ணெயில் இப்படிச் சிதைந்து உருவாகும் போலார் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறது.

மறுபடி ஏறாமல் இருக்க?

கழுவும்போது முதலில் வெளிப்பக்கத்தைக் கழுவுங்கள், கை ஓய்ந்துபோவதற்கு முன். கழுவியபின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் ஒரு தடவு. வழுக்கினால் எண்ணெய் இருக்கிறது, இன்னொரு தடவை சோப்பு. கண் ஏமாறும் இடத்தில் உள்ளங்கை ஏமாறாது.

பாத்திரம் தேய்க்க ஓர் அக்கா வருகிறார். அவரிடம் இந்தச் சோடா முறையைச் சொல்லிக் கொடுக்கலாமா?

கொதிக்கவைப்பதை நீங்களே செய்துவிடுங்கள், முதல் நாள் ராத்திரி. சலவைச் சோடா தோலில் உள்ள எண்ணெய்ப் பசையையும் சேர்த்தே எடுத்துவிடும். நாள் முழுக்க நாலைந்து வீட்டுத் தண்ணீரில் இருக்கும் கைகளில் ஏற்கெனவே வெடிப்பு இருக்கும், அதில் காரம் பட்டால் தாங்க முடியாத எரிச்சல். காலையில் அவர் வரும்போது அந்தத் தண்ணீரைக் கொட்டி, பாத்திரத்தை ஒருமுறை அலசி வைத்திருங்கள். அவர் கைக்குப் பொருந்துகிற அளவில் கையுறை ஒரு ஜோடி வாங்கி வையுங்கள், பெரிதாக இருந்தால் வழுக்குகிறது என்று கழற்றிவிடுவார். வேலை முடிந்து கிளம்பும்போது தடவிக்கொள்ளத் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் ஒன்று சிங்க் பக்கத்திலேயே இருக்கட்டும்.